காஞ்சிபுரத்தில் ஒரு மூக்கும் ஒரு கதிர்க்கற்றையும்

காஞ்சிபுரத்துக்குப் போகிறேன் என்றதும் பினாங்கில் எனக்குத் தெரிந்த பெண்கள் எல்லோரும் நிறம் சொன்னார்கள். அத்தைக்கு மாம்பழ மஞ்சள், பக்கத்து வீட்டுக்காரிக்கு மயில் கழுத்து, தங்கைக்கு “நீயே பார்த்து எடு, ஆனால் போன தடவை மாதிரி வேண்டாம்.” வேலையாகப் போகிறேன், எலெக்ட்ரான் முடுக்கி ஒன்றை அளந்து பார்க்கப் போகிறேன் என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முடுக்கி என்றதும் மைல் கணக்கில் சுரங்கம் தோண்டி வைத்திருப்பார்களே, அதை நினைக்க வேண்டாம். எங்கள் குழு வடிவமைப்பது பீரோ அளவுதான். உள்ளே எலெக்ட்ரான்களை வேகமாக விரட்டி, மெல்லிய ஜன்னல் ஒன்றின் வழியே வெளியே விடுவோம். குழாய்த் தண்ணீர் போலத் தொடர்ச்சியாக வராது, துடிப்புத் துடிப்பாக வரும். தோலில் வரும் புற்றுநோய்க்கு இது நல்ல மருந்து. எலெக்ட்ரான் கொஞ்ச ஆழம் போய் நின்றுவிடும், அதற்கும் கீழே இருப்பதைத் தொடாது. ஆனால் அளவு சரியாக இருந்தால்தான் மருந்து. குறைந்தால் நோய் திரும்பி வரும், கூடினால் தோல் வெந்து ஆறாத புண்ணாகும்.

இந்தப் புது மாடலில் ஒவ்வொரு துடிப்பிலும் எலெக்ட்ரான்களை அடர்த்தியாக அள்ளிப் போடலாம், சிகிச்சை சட்டென்று முடிந்துவிடும் என்று அடம் பிடித்தவள் நான். முதல் இயந்திரம் வாலாஜாபாத் சாலையில் இருக்கும் ஒரு சின்ன மருத்துவமனைக்கு வந்திருந்தது. அனுமதிகள் எல்லாம் வந்துவிட்டன. நான் நேரில் போய்க் கற்றையை அளந்து கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. விமானத்தில் எல்லோரும் தூங்கினார்கள். நான் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு வந்தேன்.

பயப்படுவதற்கு எனக்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. லாட்ஜில் குழாயைத் திறந்தால் முதலில் காற்றுதான் வந்தது, அதற்கே கலங்கினேன். காலையில் காஞ்சிபுரம் இட்லி வாங்கினேன். பினாங்கில் நாங்கள் தின்பது வெள்ளையாக, பூப்போல, ஆஸ்பத்திரித் தலையணை மாதிரி இருக்கும். இது மிளகும் சுக்கும் நெய்யுமாக, தொட்டாலே எதிர்த்துப் பேசும் இட்லி. பரிமாறியவர் இன்னொன்று வைக்கட்டுமா என்று கேட்காமலே வைத்துவிட்டுப் போனார். வயிறு நிறைந்தும் கவலை குறையவில்லை.

வாலாஜாபாத் சாலை என்று தெளிவாகச் சொல்லித்தான் ஆட்டோவில் ஏறினேன். முதலில் ஒரு பட்டுச்சேலைக் கடை வாசலில் நின்றது. இல்லை என்றேன். அடுத்த கடை வாசலில் நின்றது. வெளியூர்ப் பெண் ஒருத்தி காஞ்சிபுரம் வந்து சேலை எடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போவாள் என்பதை ஓட்டுநரால் நம்ப முடியவில்லை. உடம்புக்கு என்ன என்று பரிவோடு கேட்டார். ஒன்றுமில்லை என்றால் மூன்றாவது கடைக்குப் போய்விடுவார் என்று பயந்து, கொஞ்சம் தலைவலி என்றேன்.

மருத்துவமனையில் கதிரியல் இயற்பியலாளர் செல்வகுமார் எனக்காகக் காத்திருந்தார். தாமல் ஏரிப் பாசனத்தில் நெல் போடும் குடும்பம். அப்பா கட்சியில் ஏதோ பொறுப்பில் இருப்பதால் செல்வகுமாருக்கு ஊரில் எல்லோரையும் தெரியும், எல்லோருக்கும் அவரைத் தெரியும். கதிரியலைச் சென்னையில் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றால், “ரிலாக்ஸ் மேடம்” என்று டீ வாங்கி வருவார்.

கற்றையை அளக்க எங்களிடம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சேம்பர். பொத்தான் அளவுக்கு ஒரு காற்றறை. கதிர் பட்டதும் உள்ளே இருக்கும் காற்றில் மின்சாரம் கிளம்பும், அதை எண்ணினால் அளவு தெரியும். இன்னொன்று, ஃபிலிம். மஞ்சள் கலந்த ஒரு படலம். கதிர் பட்ட இடம் நீலமாகும், எவ்வளவு நீலமோ அவ்வளவு கதிர். எங்கள் தொழிலில் எதையும் இரண்டு வழியில் அளப்பது வழக்கம். இரண்டும் ஒத்துப்போனால்தான் வீட்டுக்குப் போகலாம்.

முதல் நாள் சேம்பரை வைத்து அளந்தோம். எண்கள் அழகாக வந்தன. அந்த எண்களை வைத்தே இயந்திரத்தின் அளவை நிர்ணயித்தோம். ஃபிலிமை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று செல்வகுமார் சொன்னார். மருத்துவமனை ஏ.சி. அடிக்கடி நின்றுபோனதால் ஃபிலிம் கட்டை லாட்ஜ் அறையிலேயே குளிர்ச்சியாக வைத்திருந்தேன்.

வெளியே வந்தபோது பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் மூக்கைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தொப்பி, சலவைச் சட்டை, அறுபதைத் தாண்டிய வயது. இவர்தான் முதல் நோயாளி என்று செல்வகுமார் அறிமுகப்படுத்தினார். ஜமால் பாய். ஊருக்குள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கைக்குட்டையை எடுத்துக் காட்டினார். மூக்கின் மேல்பக்கத்தில், இடது கண்ணுக்குப் பக்கத்திலேயே, ஆறாத ஒரு புண். சரியாகக் கண்ணாடி உட்காரும் இடம்.

அறுவை சிகிச்சை என்றால் மூக்கில் ஒரு பகுதியை எடுக்க வேண்டியிருக்கும் என்று சென்னையில் சொல்லியிருந்தார்கள். எலெக்ட்ரான் சிகிச்சைக்கு ஒத்துவரும் என்று இந்த மருத்துவமனையில் சொன்னதால், இயந்திரம் வரும்வரை காத்திருந்தார்.

“மூக்கை எடுத்துட்டா கண்ணாடியை எது மேல மாட்டுறது மா? கண்ணாடிக்கடைக்காரன் நானு. கடைக்கு வர்றவங்க என் மூஞ்சியத்தான் முதல்ல பாக்குறாங்க” என்றார். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கண்ணுக்கும் புண்ணுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை என் கண் தானாகவே அளந்துகொண்டிருந்தது.

பினாங்கு என்று தெரிந்ததும் மதியம் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார். மறுத்தால் தப்பாகிவிடும் என்று செல்வகுமார் காதோரம் சொன்னார். சீரகச் சம்பா பிரியாணி, புளி சேர்த்த கத்திரிக்காய், பிறகு ஒரு இனிப்பு. எங்கள் ஊரில் நாசி கண்டார் என்ற சோற்றுக்கடைகளை நடத்துவதும் தமிழ் முஸ்லிம்கள்தான், அங்கே ஒரு சோற்றின் மேல் நாலு குழம்பைக் கலந்து ஊற்றுவார்கள் என்றேன். நாலையும் கலந்தால் எந்தக் குழம்பு நன்றாக இருந்தது என்று எப்படித் தெரியும் என்று பாயின் மனைவி கேட்டார். நான் இன்னொரு கரண்டி கத்திரிக்காய் போட்டுக்கொண்டேன். சாப்பாடு போட்டதிலிருந்து பாய் என்னை ‘நீ’ என்று பேச ஆரம்பித்தார்.

கை கழுவும்போது அந்த அம்மா மெதுவாகக் கேட்டார். “சரியாப் போயிடும் இல்ல மா?”

போய்விடும் என்றேன். வாயில் அவர்கள் வீட்டு ஏலக்காய் மணத்துக்கொண்டிருந்தபோது வேறு எதுவும் சொல்ல வரவில்லை. தெருவுக்கு வந்த பிறகுதான், ஃபிலிமைப் பார்க்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று பக்கென்றது.

மறுநாள் தேர். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. காஞ்சிபுரத்தில் தேர் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார்கள். காலையில் ஃபிலிம் கட்டை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். கையில் வைத்திருந்தால் வியர்வை பட்டுவிடும் என்று இருக்கைக்குப் பின்னால் இருக்கும் இடத்தில் பத்திரமாக வைத்தேன். இரண்டு தெரு போனதும் கூட்டம். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. மேலே கம்பிகளில் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். வடம் பிடிப்பவர்களின் சத்தம் மட்டும் தெருமுனையிலிருந்து வந்தது.

பக்கத்தில் தெலுங்கு பேசும் நெசவாளர் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். எங்கள் ரப்பர்த் தோட்டக் குடியிருப்பில் பக்கத்து வீடு தெலுங்கு வீடு என்பதால் எனக்குக் கொஞ்சம் புரியும். தேர் திருப்பத்தில் நின்றுவிட்டதாம். “நிற்கட்டும், நின்றால்தானே நாம் நன்றாகப் பார்க்கலாம்” என்றாள் ஒருத்தி. “நீ பார்ப்பாய், தறிக்குப் பாவு நூலை நனைத்துப் போட்டுவிட்டு வந்தேன், அதை யார் பார்ப்பது?” என்றாள் மற்றவள். என் மனசும் ஃபிலிம் கட்டிலேயே இருந்தது.

இன்ஜினை அணைத்தால் திரும்பக் கிளம்பாது என்று ஓட்டுநர் அதை ஓடவிட்டே வைத்திருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. ஆட்டோவின் இன்ஜின் இருப்பது பின்னால். ஃபிலிம் கட்டு உட்கார்ந்திருப்பது அதன் தலைமேல். எடுத்துத் தொட்டேன், சட்டென்று கையை இழுத்துக்கொள்ளும் அளவுக்குச் சூடு. அந்தப் படலம் வெயிலுக்கே முகம் சுளிக்கும் ஜாதி. கோபுரத்தைப் போல அசைந்து தேர் எங்களைக் கடந்தது. எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன், ஃபிலிமுக்காக.

பிற்பகலில் மின்சாரம் வந்ததும், வேறு வழியில்லாமல் அதே ஃபிலிமைப் பிளாஸ்டிக் பலகைகளுக்கு நடுவே வைத்துக் கதிர் பாய்ச்சினோம். நீல நிறம் நிலைகொள்ள ஓர் இரவு விட வேண்டும். காலையில் ஸ்கேனரில் வருடிப் பார்த்தபோது ஃபிலிம் காட்டிய அளவு, சேம்பர் காட்டியதைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அதிகமாக இருந்தது. செல்வகுமார் திரும்ப வருடினார். அதே அளவுதான் வந்தது. முதல் முறையாக அவர் “ரிலாக்ஸ் மேடம்” என்று சொல்லவில்லை.

மருத்துவமனையை நடத்தும் டாக்டரம்மா கண்டிப்பானவர், ஆனால் நியாயமாகப் பேசுபவர். சேம்பருக்குத் தரச்சான்று இருக்கிறது, ஃபிலிமோ ஆட்டோ இன்ஜினில் வெந்தது, இதில் எதை நம்புவது என்று குழப்பம் எதற்கு என்று கேட்டார். பாயின் சிகிச்சை மறுநாள் காலை என்று முடிவாகியிருந்தது. செங்கல்பட்டிலிருந்து அவர் மகள் வேறு வந்து இறங்கியாயிற்று.

அவர் கேட்டது சரியான கேள்விதான். எனக்கும் சேம்பரை நம்பிவிட ஆசை. ஆனால் இன்னொரு சந்தேகம் இருந்தது. துடிப்பு ரொம்ப அடர்த்தியாக வந்தால், சேம்பருக்குள் பிரிந்த மின்துகள்கள் எண்ணப்படுவதற்கு முன்பே ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிடும். சேம்பர் திணறிப்போய் குறைவாகக் காட்டும். அதைத் திருத்துவதற்கான கணக்கைப் போட்டுத்தான் இருந்தோம். அந்தக் கணக்கு இத்தனை அடர்த்திக்குச் செல்லுமா? அடர்த்தியை அடம் பிடித்துக் கேட்டவள் நானல்லவா? சேம்பர் திணறுவது உண்மையானால், நாங்கள் நிர்ணயித்த அளவில் பாயைப் படுக்கவைத்தால், கண்ணுக்குப் பக்கத்தில் ஏழில் ஒரு பங்கு கூடுதலாகப் பாயும்.

சோதிக்க ஒரு வழி இருந்தது. இயந்திரத்திலிருந்து தள்ளிப் போகப் போகக் கற்றை விரிந்து நீர்த்துவிடும். தூரத்தில் சேம்பர் திணறாது. அங்கே இரண்டும் ஒத்துப்போனால் ஃபிலிம் நல்லது, பக்கத்தில் பொய் சொன்னது சேம்பர். அங்கேயும் அதே ஏழில் ஒரு பங்கு வித்தியாசம் வந்தால் ஆட்டோவில் வெந்த ஃபிலிம்தான் குற்றவாளி. ஆனால் அறை சிறியது. இயந்திரத்தின் தலையைக் கீழே பார்த்து வைத்தால் தரைவரைதான் தூரம். நானும் செல்வகுமாரும் வாக்குவாதம் செய்து, படுக்கையைக் கழற்றி வெளியே தள்ளி, இயந்திரத்தின் தலையைப் பக்கவாட்டில் திருப்பி, எதிர் மூலையில் பலகைகளை நிறுத்தினோம். ஸ்டூல் மேல் ஸ்டூல், அதன் மேல் பலகை. சரிந்து விழுந்துவிடுமோ என்று நான் ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சேம்பருக்கும் ஃபிலிமுக்கும் ஒரே மாதிரி கதிர் பாய்ச்சிவிட்டு, ஃபிலிமை இரவு முழுக்க ஆறவிட்டோம்.

காலையில் வருடினோம். தூரத்தில் இரண்டும் ஒத்துப்போயின. தலைமுடி அளவு வித்தியாசம்கூடச் சொல்லும்படி இல்லை. சூடு பட்ட ஃபிலிம் சரியாகவே இருந்தது. சான்றிதழோடு வந்த சேம்பர்தான் பக்கத்தில் திணறியிருந்தது. செல்வகுமார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். நான் அந்த ஏழில் ஒரு பங்கைத் திரும்பக் கணக்குப் போட்டேன்.

அந்த நேரத்தில் பாய் வாசலில் வந்து இறங்கினார். புதுச் சட்டை, அத்தர் மணம், கூடவே மகள். மின்சாரக் கோளாறு என்று சொல்லி நாளைக்கு வரச் சொல்லுங்கள், வீணாகப் பயமுறுத்த வேண்டாம் என்றார் டாக்டரம்மா. அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அவரிடம் அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நேராகப் போய் நடந்ததைச் சொன்னேன். சேம்பர் குறைவாகக் காட்டியது, அதை நம்பி நாங்கள் இயந்திரத்தைக் கூட்டி வைத்திருந்தோம், இப்போது கண்டுபிடித்துவிட்டோம், திரும்ப நிர்ணயிக்க ஒரு நாள் வேண்டும்.

“இதைப் பாக்காம இன்னைக்குப் படுத்திருந்தேன்னா?”

“அதிகமாப் பட்டிருக்கும், பாய்.”

“கண்ணு?”

“தெரியல. பாதிச்சிருக்கலாம்.”

அவர் கைக்குட்டையை மடித்தார், திரும்ப விரித்தார். மகளைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். டீ வாங்கி வந்த செல்வகுமார் இரண்டு டம்ளரையும் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். டாக்டரம்மா என்னிடம் கோபமாகப் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. இனி அவர் வர மாட்டார், சென்னைக்குப் போய் மூக்கைக் கொடுத்துவிடுவார் என்று மட்டும் சொன்னார்.

அன்று முழுவதும் வேலை. தூரத்தில் சரியாக இருந்த சேம்பரையும், பக்கத்தில் சரியாக இருந்த ஃபிலிமையும் வைத்து அளவைத் திரும்ப நிர்ணயித்தோம். பினாங்கில் என் மேலாளருக்கு நடந்ததை எழுதி, இந்த மாடலைச் சேம்பரை மட்டும் நம்பி அளக்கக் கூடாது என்று கையேட்டில் மாற்றச் சொன்னேன். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் பாய்தானா என்று நிமிர்ந்து பார்த்தேன். மதியம் கேன்டீனில் தயிர்சாதம் இறங்கவில்லை. உண்மையைச் சொன்னது தப்போ, சொன்ன விதம் தப்போ, யார் கேட்டார்கள் என்னை என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை குறித்த நேரம் தாண்டிப் போனது. செல்வகுமார் போன் செய்யட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். பிறகு செய்யுங்கள் என்றேன். அவர் எண்ணை அழுத்தும்போதே பாய் உள்ளே வந்தார். இந்த முறை பழைய சட்டை, மகள் இல்லை.

“பயந்துக்கினுதான் வந்திருக்கேன்” என்றார். “சென்னைக்கே போயிடலாமான்னு ராத்திரி பூரா பேஜாரா இருந்துச்சு. நீயும் வந்த நாள்லேருந்து பயந்துக்கினே தான் அளக்குறியாம், செல்வா சொன்னான். சரி, பயப்படுறவங்க கிட்டயே படுத்துக்கலாம்னு வந்துட்டேன் மா.”

என் பயத்தை யாரும் அதுவரை ஒரு நல்ல குணமாகச் சொன்னதில்லை. அம்மா, ஆசிரியர்கள், மேலாளர், எல்லோரும் அதை விட்டொழிக்கத்தான் சொன்னார்கள்.

படுக்கவைத்தோம். கண்ணுக்கு மேல் ஈயக் கவசம் வைத்தோம். மூக்கின் மேல் கற்றை வரும் குழாயைப் பொருத்தி, நானும் செல்வகுமாரும் மாறி மாறிச் சரிபார்த்தோம். நான் கையை எடுத்தபோது பாய் கேட்டார்.

“நீயும் உள்ள இருப்பியா மா?”

இருக்க முடியாது. கற்றை பாயும்போது நோயாளி மட்டும்தான் உள்ளே இருக்கலாம். அளவு சரி என்று சத்தியம் செய்பவர்கள் எல்லோரும் கனத்த கதவுக்கு வெளியே போய்விடுவோம். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் அது எவ்வளவு வெட்கமான ஏற்பாடு என்று அன்றுதான் பட்டது. வெளியிலிருந்து திரையில் பார்த்துக்கொண்டே இருப்போம், மைக் இருக்கிறது, பேசலாம் என்றேன்.

“அப்ப பேசிக்கினே இரு. எதுன்னா சொல்லு. உங்க ஊரைப் பத்திச் சொல்லு.”

கதவு மூடியது. செல்வகுமார் என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன். அவர் பொத்தானை அழுத்தினார், நான் மைக்கை அழுத்தினேன்.

“எங்க ஊர் ஒரு தீவு, பாய். வீட்டுக்குப் போகணும்னா கடல் மேல நீளமா ஒரு பாலம் இருக்கு. சின்ன வயசுல அப்பா மோட்டார் சைக்கிள்ல என்னை உட்கார வெச்சு அதுல போவாரு. பாதித் தூரம் வந்ததும் ரெண்டு பக்கமும் கரையே தெரியாது, காத்து அப்படியே நம்மளத் தள்ளும், நான் கண்ணை மூடிக்கிட்டு அப்பாவோட சட்டையை...”

கற்றை பாய்வதைக் காட்டும் விளக்கு அணைந்தது. முடிந்துவிட்டது. சட்டென்று முடிய வேண்டும் என்று நான் அடம் பிடித்து வடிவமைத்த இயந்திரம் சட்டென்று முடித்துவிட்டது. திரையில் வந்த எண்ணும் நாங்கள் கொடுத்த எண்ணும் ஒன்றாக இருந்தன. இத்தனை நாள் தூக்கம், சோறு, தேர், சண்டை எல்லாம் போனது நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் முடிந்துபோன இதற்காகத்தான் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னும் பல அமர்வுகள் இருக்கின்றன, புண் ஆறுவதைப் பார்க்க நான் இங்கே இருக்க மாட்டேன் என்பதும் சேர்ந்துகொண்டது. செல்வகுமார் கதவைத் திறக்க எழுந்தார்.

ஒலிபெருக்கியில் பாயின் குரல் வந்தது.

“முடிஞ்சிடுச்சா மா?”

“முடிஞ்சிடுச்சு, பாய்.”

“என்னை நடுப் பாலத்துல நிக்க வெச்சிட்டியே. அந்தாண்ட கொண்டாந்து விட்டுட்டு அப்பால கதவைத் தொறங்க.”

செல்வகுமார் திரும்ப உட்கார்ந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை அழுத்தினேன். அப்பாவின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எதிர்க்கரையில் முதல் தென்னைமரம் தெரியும்வரை, ஒன்றையும் விடாமல் சொன்னேன்.